சாக்கடைக்காரர் ஹார்லன்

கென்னடியைச் சுட்டவர்களுக்கு டல்லாஸ் பக்கம் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. கார்லண்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெள்ளிக்கிழமை மதியம் போனால் ஜன்னலோர மேசையில் மூன்று பேரைப் பார்க்கலாம். மர வேலிக்குப் பின்னால் நின்று சுட்டவர் கூட்டர் மேஸ். ரயில் பாலத்தின் மேல் நின்று கைக்குட்டையை ஆட்டிச் சைகை கொடுத்தவர் இன்னொருவர். அவர் சர்க்கரை முற்றிச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார், அவரை விட்டுவிடலாம். சாலையோரத்து மழைநீர்ச் சாக்கடைக்குள் இறங்கி, அதன் வாய் வழியாகச் சுட்டவர் ஹார்லன் பிக்கெட்.

ஒருவர் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்பதில்லை, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பதில்லை என்பது அந்த மேசையின் ஒப்பந்தம். ஹார்லன் வந்து சேர்ந்தபோது நல்ல இடங்களெல்லாம் போய்விட்டிருந்தன. வேலிக்குப் பின்னால் சர்ச் விருந்தில் தட்டோடு நிற்கிற அளவுக்குக் கூட்டம். எதிர்க் கட்டடத்துக் கூரையையும் யாரோ பிடித்துவிட்டார்கள். மிச்சம் சாக்கடைதான். ஹார்லன் ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற வயிறு, வீட்டுத் தரைகளில் கார்பெட் ஒட்டும் வேலை பார்த்து முழங்கால் இரண்டும் கெட்டவர்.

“ஒன்ன அதுக்குள்ள எறக்கணும்னா வெண்ணெய் தடவணும்யா,” என்று கூட்டர் வறுத்த வெண்டைக்காயை மென்றுகொண்டே சொன்னார்.

அந்தக் காலத்தில் நான் ஒல்லி என்றார் ஹார்லன். அது உண்மை. அந்த விஷயத்தில் அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

ஹார்லன் யாரையும் சுடவில்லை. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கட்டாய ராணுவச் சேவையில் ஜெர்மனிக்குப் போய்ச் சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வந்தவர். துப்பாக்கிப் பயிற்சியில் பக்கத்து ஆளின் பலகையில் துளை போட்டவர். கென்னடி சுடப்பட்ட அந்த நவம்பர் மதியம் அவர் ஊருக்குத் தெற்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், மூலம் அறுத்த புண்ணோடு குப்புறப் படுத்திருந்தார்.

மூலம் அறுத்தவனை அந்தக் காலத்தில் அப்படித்தான் போட்டு வைத்தார்கள். இடுப்புக்கு அடியில் தலையணை, பின்னால் பஞ்சும் துணியும், அதன் மேல் ஒரு போர்வை. தலையைத் திருப்பினால் கட்டில் கால் தெரியும், நடந்து போகிறவர்களின் காலணி தெரியும். தேசமே தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று அழுதபோது ஹார்லன் பச்சைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உட்கார்ந்த இடத்தை வைத்துப் பிழைக்கிற ஜனங்களில் பாதிப் பேருக்கு மூலம் உண்டு. ஆனால் அந்த ஊரில் அந்த வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி வந்துவிடும்: சேதி கேட்டபோது நீ எங்கே இருந்தாய்? பதில்களை ஆளாளுக்குத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தார்கள். ஒருத்தி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாளாம், சட்டை கருகியதுகூடத் தெரியவில்லையாம். ஒருவன் வண்டியை நடுரோட்டில் நிறுத்தி முழந்தாளிட்டானாம். வரிசை தன் பக்கம் வருவதற்குள் ஹார்லன் ஐஸ் டீ எடுத்து வரக் கிளம்பிவிடுவார். பல வருடம் இப்படியே ஓட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பாப்டிஸ்ட் சர்ச் கூடத்தில் காப்பி குடிக்கும்போது வசமாக மாட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் பெண்கள், முன்னால் சபை மூப்பர். தப்பிக்க வழியில்லை. கேள்வி வந்தது. ஹார்லன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அதப் பத்தி நான் பேச முடியாது.”

அவர் சொன்னதற்கு அர்த்தம் அதுதான். பெண்கள் இருக்கும் இடத்தில், பரிசுத்த வேதாகமம் மேசை மேல் இருக்கும்போது, தன் பின்பக்கத்தைப் பற்றி அவரால் பேச முடியாது. ஆனால் டல்லாஸில், அந்த நாளைப் பற்றி, ஒரு ஆண்பிள்ளை அப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கூடம் அடங்கிப்போயிற்று. மூப்பர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவருடைய மனைவி நெல்டா வண்டியிலேயே சொன்னாள்: நாளைக்கே மூப்பரைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் இது வளர்ந்துவிடும். சரி என்றார் ஹார்லன். அடுத்த ஞாயிறு அவர் சர்ச்சுக்குப் போனபோது, அதுவரை அவர் கையைக் குலுக்கியே இராத அந்த மூப்பர் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். கார்பெட் போடுகிறவன் உலகத்தை முழங்காலில் நின்று பார்க்கிறவன். வீட்டுக்காரர்கள் அவன் தலைக்கு மேலே பேசுவார்கள், அவன் மேல் கால் வைக்காமல் தாண்டிப் போவதே பெரிய மரியாதை. ஹார்லன் உள்ளே நுழைந்தால் இப்போது பேச்சுக் குறைந்தது, நாற்காலி நகர்ந்தது. அவர் மூப்பரிடம் எதையும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே பெரிதாக வரவில்லை. சும்மா இருந்தார், மற்றவர்கள் நிரப்பிக்கொண்டார்கள். ஒஹாயோவிலிருந்து ஸ்டாண்டிஷ் என்று ஒரு பல் டாக்டர் வந்தார். பல்லைப் பிடுங்குவது வயிற்றுப்பாட்டுக்கு. கொலையைத் தோண்டுவதுதான் உயிர். ஹார்லன் வீட்டுக் கூடத்தில் காமிராவை நிறுத்திக் கேட்டார். வேலிக்குப் பின்னாலா? ஹார்லன் பேசவில்லை. பாலத்து மேலா? பேசவில்லை. சாக்கடையா? அந்த நேரம் பார்த்து ஹார்லனுக்குத் தொண்டை வறண்டது, தண்ணீர் குடித்தார். டாக்டருக்கு அது போதுமாயிருந்தது. பிறகு ஒரு நாள் எல்லோரும் அந்த இடத்துக்கே போனார்கள். மூடியைத் தூக்கியதும் ஹார்லனால் தோள்வரைகூட இறங்க முடியவில்லை. டாக்டரின் மனைவிதான் உள்ளே இறங்கி அளவெடுத்தாள், காலுறையெல்லாம் கிழிந்து. வருடம் போகப்போக ஹார்லன் தானாகவே சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார்: உள்ளே ஈர இலை வாசம், எங்கோ ஒரு தவளை. கடைசியில் காமிராவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், “சொன்னதச் செஞ்சேன், அவ்வளவுதான்,” என்றார். அதை லட்சக்கணக்கான பேர் கணினியில் பார்த்தார்கள்.

பேட்டி நடக்கும்போதெல்லாம் நெல்டா சமையலறையில் மிக்சியை ஓடவிடுவாள். ஒலிப்பதிவு கெட்டு, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை பார்த்த அவளிடம் கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டால், சில பேர் புருஷன் குடிக்கிறான், சில பேர் புருஷன் படகு வாங்கி வாசலில் நிறுத்துகிறான், என் புருஷன் பிரசிடென்ட்டைச் சுட்டான், வீட்டோடுதானே கிடக்கிறான் என்பாள். 

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஹார்லன் அவளை வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போனார். படுக்கையை மாற்றக் கற்றுக்கொண்டார், சுமாராகத்தான் செய்தார், ஆனாலும் முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டார். அது சின்ன விஷயமில்லை. அவள் போனதும், ராணுவத்தில் இருந்தவனின் மனைவி என்ற உரிமையில் அரசாங்க ராணுவ இடுகாட்டில் இடம் கிடைத்தது. அங்கே புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே குழி. முதலில் போகிறவரை ஆழத்தில் இறக்கி, மற்றவருக்கு மேலே இடம் விட்டு மூடுவார்கள். வெள்ளைக் கல்லில் ஒரு பக்கம் அவள் பெயர், அதன் கீழே இன்னாரின் மனைவி என்று இவர் பெயர். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. ஞாயிறுதோறும் ஹார்லன் மடக்கு நாற்காலியோடு போய், கல்லைத் துடைத்துவிட்டு, மறுபக்கத்து வெறும் கல்லையும் துடைப்பார். அவருக்கென்று இந்த உலகத்தில் பாக்கி இருந்தது அந்த இடம்தான்.

அமரில்லோவில் இருந்த ஒரு பெண்மணி அந்தப் பேட்டியைப் பார்த்து, அவருக்கு அங்கே இடம் காத்திருப்பதையும் தெரிந்துகொண்டு கொதித்துப்போனாள். நம் பிரசிடென்ட்டைக் கொன்றவனுக்குக் கொடி போர்த்தி ராணுவ மரியாதையா என்று இடுகாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். கொலைகாரனை அந்த மண்ணில் புதைக்கக் கூடாதென்று நாட்டில் சட்டமும் இருக்கிறது. கோர்ட்டில் தண்டனை ஆகாவிட்டாலும், செய்தது தெளிவாகத் தெரிந்தால் போதும்.

இடுகாட்டு அலுவலகத்திலிருந்து இனெஸ் பர்ராகன் என்ற அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். வேலையை வேலையாகச் செய்கிற பெண். புகார் வந்திருப்பதைச் சொல்லிவிட்டு, “தப்பா நெனைக்காதீங்க ஐயா, இத நான் கேட்டுத்தான் ஆகணும். நீங்க கென்னடியைச் சுட்டீங்களா?” என்றாள்.

ஹார்லன் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். நாக்கு பழகிய தடத்தில் ஓடிற்று.

“அதப் பத்தி நான் பேச முடியாது.”

அவள், அப்படியானால் விசாரணையை முடிக்க முடியாதே என்றாள். ஹார்லன், ஏற்கெனவே அங்கே இருக்கும் என் மனைவிக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டார். அவருக்கு இருக்கும் உரிமையில்தான் மனைவிக்கு இடம் கிடைத்தது, மற்றபடி இப்படி ஒரு கேஸைத் தான் பார்த்ததில்லை, மேலிடத்தில்தான் கேட்க வேண்டும் என்று பர்ராகன் உள்ளதைச் சொன்னாள்.

ஹார்லன் நேராகப் பக்கத்து ஊர் மெஸ்கீட்டுக்கு வண்டியை விட்டார். அங்கே நெல்டாவின் அக்கா ஜெனீவா இருந்தாள். கென்னடி சுடப்பட்ட அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்த நர்ஸ் அவள்தான். ஹார்லனின் புண்ணுக்குக் கட்டு மாற்றியவளும் அவளே. பேட்டி வெளிவந்த நாள் முதல் அவரை வாசலைத் தாண்டவிட்டதில்லை. இப்போதும் வலைக்கதவைத் திறக்காமல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தைவிடக் காலைத்தான் அதிகம் பார்த்தாள்.

“ஷூ லேஸக்கூடக் கட்ட முடியாம கால் வீங்கியிருக்கு. உள்ள வந்து ஒக்காரு.”

காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைக்கச் சொன்னாள். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினாள்; குழி விழுந்து அப்படியே நின்றது. உப்பைக் குறைக்கச் சொன்னார்களா, மாத்திரை போடுகிறாயா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவர் உண்மையான பதில் சொன்னார். அந்த விஷயத்தில் ஜெனீவாவிடம் யாரும் பொய் சொல்லிப் பிழைத்ததில்லை. அதன் பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

அவர் காலை அவள் ஸ்டூலிலிருந்து இறக்கவில்லை. மறுபடியும் விரலை வைத்து அழுத்தினாள்.

“என் தங்கச்சியத் தோண்டி எடுத்தாங்கன்னா நானே ஒன்னக் கொன்னுடுவேன் ஹார்லன். அப்ப நம்ம குடும்பத்துல நெஜமாவே ஒரு கொலைகாரி இருப்பா. அந்தப் பல்லு டாக்டரு வந்து என்னப் பேட்டி எடுக்கட்டும்.”

இல்லை என்ற சொல் தனக்கு வாயில் வரவில்லை என்றார் ஹார்லன். முப்பது வருடமாய் ஒன்றையே சொல்லி நாக்கு அப்படியே வளைந்துவிட்டது.

“வாயில வராதா? அன்னிக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாளே ஒருத்தி, ஞாபகம் இருக்கா? வார்டுல இருந்தவங்க எல்லாம் டிவி இருக்கற ரூமுக்கு ஓடினோம். நானுந்தான் ஓடினேன். ஒன்னப் பாக்க ஒரு நாதி இல்ல. அவதான் ஓடல. நீ தரையத் தவிர ஒண்ணையும் பாக்க முடியாதுன்னு, நல்ல பாவாட கட்டியிருந்தவ அந்தத் தரையில மல்லாக்கப் படுத்து, கட்டிலுக்கு அடியில தலைய நீட்டி, டிவி சத்தத்தக் கேட்டுக் கேட்டு என்ன நடக்குதுன்னு ஒனக்குச் சொன்னா. அன்னிக்குத்தான் நீ அவ மூஞ்சியப் பாத்தே. அந்த நாள எடுத்துட்டுப்போய்ச் சாக்கடையில போட்டியே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல அவ. நான் கேட்டா மிக்சியப் போடுவா.”

ஹார்லன் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை அந்த மௌனத்துக்கு வேறு யாரும் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஜெனீவா அப்போதே பர்ராகனைக் கூப்பிட்டுப் பேசினாள். கட்டு மாற்றியவள் நான், எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன் என்றாள். பர்ராகன் அதை வரவேற்றாள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நவம்பர் மாதம் கென்னடி கொலை ஆராய்ச்சிக்காரர்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஹார்லன் பேசுவதாகச் சுவரொட்டி வந்திருக்கிறது, சாக்கடைத் துப்பாக்கிக்காரர் என்று படத்தோடு. அங்கே அவர் மறுபடியும் அப்படிப் பேசினால் இங்கே யார் சத்தியம் செய்து என்ன பயன்? எந்த வாயால் சொன்னாரோ அந்த வாயால், சொன்ன இடத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டால் தன் வேலை சுலபமாகும் என்றாள்.

கூட்டம் டல்லாஸில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. வாசலில் சட்டைகள் விற்றார்கள். அந்தச் சாலையையும் வேலியையும் அட்டையில் செய்து, குண்டு போன வழிக்கெல்லாம் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார்கள். நூல் இத்தனை இருந்ததில் கார் தெரியவில்லை. ஹார்லன் சவ அடக்கத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஜெனீவா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் ஹார்லன் எழுந்து, தான் அன்று அந்தப் பக்கமே இல்லை, யாரையும் சுடவில்லை, சாக்கடைக்குள் போகவே இல்லை என்று சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது. அது பழக்கமில்லாத வேலை செய்கிறவனின் நடுக்கம். கூடத்தில் இருந்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ கிழவரை மிரட்டியிருக்கிறார்கள் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஸ்டாண்டிஷ் ஒலிவாங்கியைப் பிடித்து, ஒன்றும் இல்லாதவனை எதற்கு மிரட்டப் போகிறார்கள், இத்தனை வருடத்தில் இதைவிட உறுதியான ஆதாரம் நமக்குக் கிடைத்ததில்லை என்றார்.

ஜெனீவா எழுந்தாள். ஒலிவாங்கி வேண்டாம் என்றாள். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். புண் எங்கே, எவ்வளவு அகலம், பஞ்சை எப்படி வைத்தோம், உப்புத் தண்ணீரில் எப்படி உட்கார வைத்தோம், முதல் தடவை மலம் கழித்தபோது இவன் எப்படிக் கத்தினான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். முன்வரிசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார். ஒரு இளைஞன் மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டே, அந்த ஆஸ்பத்திரி அரசாங்கத்தோடு தொடர்புள்ளதா என்று கேட்டான். மாவட்ட நிர்வாகம் பணம் கொடுத்தது என்றாள் ஜெனீவா. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

அப்போது ஸ்டாண்டிஷ் ஹார்லனின் அருகே வந்து தோளில் கை வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். தான் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். மென்மையாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“உங்களைக் கஷ்டப்படுத்த விரும்பல. யாரோ சொல்லச் சொல்லித்தான் இதச் சொல்றீங்கன்னா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா இருங்க, போதும். நாங்க புரிஞ்சுக்குவோம்.”

கூடம் அந்த சர்ச் கூடத்தைப் போலவே அடங்கிற்று. அந்த அமைதி எப்படிப்பட்டதென்று ஹார்லனுக்கு நன்றாகத் தெரியும். அதற்குள்ளேதான் அவர் முப்பது வருடம் குடியிருந்தார். கொஞ்சம் சும்மா நின்றால் போதும். இத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள், வெளியே போகும்போது கதவைத் திறந்துவிடுவார்கள். பொய் சொன்னதாக யாரும் குறை சொல்ல முடியாது; அவர்தான் இப்போது வாயே திறக்கவில்லையே. அவர் ஜெனீவாவைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை, கைப்பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூலம்,” என்றார் ஹார்லன்.

டாக்டர் குனிந்து, என்ன சொன்னீர்கள் என்றார்.

“எனக்கு மூலம் அறுத்திருந்தாங்க. குப்புறக் கெடந்தேன். ஒரு பொண்ணு தரையில படுத்துக்கிட்டு, அவர் செத்துட்டாருன்னு எங்கிட்ட சொன்னா. அவ மூக்குல தூசி ஒட்டியிருந்தது. அதுதான் நான் பாத்தது. வேற எதையும் நான் பாக்கல.” 

ஒருவரும் கை தட்டவில்லை. கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது பரவியது, பிறகு கூடமே சிரித்தது. முதல் தடவையாக அவர்கள் அவரை நம்பிவிட்டார்கள் போலிருந்தது. ஹார்லன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேடைப் படிகளில் இறங்கினார். கதவை யாரும் திறந்துவிடவில்லை. ஜெனீவா கையை நீட்டித் தள்ளினாள்.

சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. குப்புறப் படுத்தபடி சுடுவது ராணுவப் பயிற்சியில் ஒரு நிலை, அதைத்தான் கிழவர் ஜாடையாகச் சொன்னார் என்று அந்த இளைஞன் எழுதினான். ஆனால் அதைப் பர்ராகன் படிக்கவில்லை, படித்திருந்தாலும் அவளுக்கு வேறு வேலை இருந்தது. கூட்டத்தில் அவர் பேசியதைப் பார்த்தாள், ஜெனீவாவின் வாக்குமூலத்தை வாங்கினாள், புகாரை முடித்துவிட்டாள். இனிமேல் சாக்கடைப் பக்கம் போகாதீர்கள் ஐயா, ஒரு வார்த்தை பேசினாலும் திரும்ப எனக்குத்தான் புகார் வரும் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அந்த ஒரு வார்த்தைதான் ஹார்லனைப் படுத்தியது. காலியான இடத்தைக் கூட்டர் மேஸ் விட்டுவைக்கவில்லை. வேலிக்குப் பின்னால் கூட்டம் அதிகமாயிருந்ததால் தான் நழுவிச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டதாகவும், இத்தனை காலம் நண்பனுக்காக அந்தப் பெருமையை விட்டுக்கொடுத்ததாகவும் சொல்ல ஆரம்பித்தார். ஸ்டாண்டிஷ் புதுக் காமிராவோடு வந்தார். ஹார்லன் வீட்டில் கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு அதைக் கணினியில் பார்த்தார். உள்ளே இரும்பு ஏணி இருந்தது என்றார் கூட்டர். ஹார்லன் எழுந்து உட்கார்ந்தார். ஏணியாவது! டாக்டர் பெண்டாட்டி எதைப் பிடித்து இறங்குவது என்று தெரியாமல் காலுறையைக் கிழித்துக்கொண்டாளே. உள்ளே பூ வாசம் அடித்ததாம். தவளையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. முப்பது வருடம் தான் பார்த்துப் பார்த்துக் கட்டியதை இந்த மனுஷன் இப்படிக் குட்டிச்சுவராக்குகிறானே என்று அவருக்கு நெஞ்சடைத்தது.

தொலைபேசி மணி அடித்தது. ஸ்டாண்டிஷ்தான். பழைய கசப்பு எதுவும் வேண்டாம், ஒரே ஒரு சந்தேகம், ஏணி இருந்ததா இல்லையா, உங்களுக்கு அந்த இடம் பழக்கமாயிற்றே என்று கேட்டார். ஜெனீவா அன்று கட்டு மாற்ற வந்திருந்தாள். ஹார்லனின் காலில் தோல் வெடித்து நீர் கசிய ஆரம்பித்திருந்தது. துணியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்கு எப்படித் தெரியும் டாக்டர். நான் அங்க இல்லவே இல்ல,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

“கஷ்டமா இருந்ததா?” என்றாள் ஜெனீவா.

“மூலம் அறுத்தப்பக்கூட இவ்வளவு வலி இல்ல.”

அவள் கட்டை முடித்து, வெட்டிய முனையை உள்ளே செருகினாள்.

அடுத்த வசந்தத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு ஹார்லன் போய்ச் சேர்ந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் கடைசி வாரம் சாய்வு நாற்காலியிலேயே வைத்திருந்தார்கள். குப்புறப் படுக்கச் சொல்லி யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. பர்ராகன் முன்னமே எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். சொன்ன நேரத்துக்குக் குழி திறந்திருந்தது. இரண்டு இளம் சிப்பாய்கள் பெட்டி மேல் போர்த்தியிருந்த கொடியை மடித்து ஜெனீவாவின் கையில் கொடுத்தார்கள். ஒருவன் ஊதுகுழல் வாசித்தான்.

பெட்டியை நெல்டாவுக்கு மேலே இறக்கியபோது ஜெனீவா எட்டிப் பார்த்தாள். “உயிரோட இருந்தப்பவும் அவ மேலதான் ஒக்காந்திருந்தான்,” என்று பர்ராகனிடம் சொன்னாள். அதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பர்ராகன் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

சொந்தமென்று வந்தவர்கள் குறைவு. சற்றுத் தள்ளி ஆராய்ச்சிக்காரர்கள் நின்றார்கள், காமிராவும் கையுமாக. கூட்டர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்ததும் ஸ்டாண்டிஷ் வந்து, ஜெனீவாவின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கடைசியில் அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

“சொன்னாரு. தலகாணிய இடது பக்கம் நகர்த்தச் சொன்னாரு.”

டாக்டர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இடது பக்கமா, சரியாக அப்படித்தான் சொன்னாரா என்று கேட்டார்.

“அப்படித்தான் சொன்னாரு. எழுதிக்கோ. ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு எழுது, டாக்டர். நீ நிக்கறது என் தங்கச்சி கால்மாட்டுல.”